ஊர்ப் பணியும் ஊர்க் கணக்கும்



தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டத்தில், தீர்த்தமலை என்றொரு மலை உண்டு. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டுள்ளார். கோயிலை அடுத்துப் பாறையினின்றும் விழுகின்ற நீரை இராமர் தீர்த்தம் என்பர். பூசைக்கு நீர் வேண்டிய இராமபிரான் அம்பெய்து அந்நீரை வரவழைத்தான் என்பது தலவரலாறு. குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என வேறு நீர்நிலைகளும் அங்கு உள்ளன. அருணகிரிநாதரால் பாடப்பெற்ற தலம் அது. அம்மலையின் அடிவாரத்தில், பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியனாகிய நான் வாழ்ந்து வருகின்றேன்.

நீரைக் குறிக்கும் சொல்லையே பெயராகக் கொண்ட மலை அது. ஆயினும் அம்மலையைச் சூழ்ந்த எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகள் பலருடைய பற்களைக் கறைப்படுத்தியதும் நீரே ஆகும். அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன், ஊரார் ஒன்றுகூடித் தம் ஊரைத் திருத்திக் கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் எவ்வாறு இருந்தது, எவ்வாறு தளர்ந்தது, எவ்வாறு மீண்டது என்னும் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நான் 1964-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பிற் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் ஒரு நீண்ட மரப்பலகை இருந்தது. அதன் பின்புறத்தில், ‘ஊர்ப் பொதுமக்கள் அன்பளிப்பு’ என்று வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டபின் நான் முதன்முதல் தானாகப் படித்த சொற்றொடர் அதுவே. ‘பொதுமக்கள் என்பவர் யார்?’ என்று என் தந்தையாரைக் கேட்டேன். ‘நாம்தான்’ என்றார் அவர். அந்த ‘நாம்’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று அறிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஊராட்சி என்றவுடன் வரலாற்று மாணவர் நினைவில் முதலில் எழுவது உத்தரமேரூர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இரண்டு கல்வெட்டுக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 919-இல், ஒன்று, பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது 921-இல், மற்றொன்று. வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஊர்ச்சபையார் முதலில் வகுத்தனர். இரண்டே ஆண்டில் அதிலிருந்த குறைகளைக் கண்டு திருத்தினர். தாம் செய்த விதியைத் தாமே திருத்திக் கொள்ளும் துணிவு அச்சபைக்கு இருந்தது என்பதை முதற்கண் குறித்துக் கொள்ளுங்கள்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வார்டு போன்றதெனக் கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பினரும் தகுதி உடையாரின் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் கட்டுவர். சபையார் இளையோரும் முதியோருமாகக் கூடியிருக்க, ஓலைகளைக் குடத்தில் இடுவர். ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பர். ஓலையைப் பெறும் மத்தியத்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலே அதனை ஏற்க வேண்டும். பிறகு அவன் அதனை உரக்கப் படிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாங்கிப் படிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். விரலை மடக்கினால் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கலாம் என்னும் ஐயத்திற்கும் இடங்கொடாமல் விதி செய்தனர் அப்பெரியோர்.

இவ்வாறு தேர்ந்தவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் அமைந்தனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் இருந்தன. பதவிக் காலம் முந்நூற்று அறுபது நாள். ஒருமுறை வாரியம் செய்தவர், அடுத்து மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் அப்பொறுப்பிற்கு வர இயலாது. இடையிலே குற்றம் புரிந்தவர் அப்போதே நீக்கப்படுவர்.

இவை யாவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்த விதி ஒன்று உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவர் மீண்டும் குடவோலையில் இடம்பெறலாகாது. அவர் மட்டுமன்று, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், உடன்பிறந்தார், தந்தை, மகன், மருமகன் எனப் பெரியதோர் உறவினர் பட்டியலே விலக்கப்பட்டது. உறவினரையும் சேர்த்துத் தண்டிப்பது இன்றைய நீதிக்கு ஒவ்வாது. எனினும், ஊர்ப் பொருளைக் கையாண்டவன் கணக்கை ஒப்புவித்தே தீர வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் கருங்கல்லில் வெட்டி வைத்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிற்க. இவ்வளவும் கேட்டுப் பெருமை கொள்கின்ற நாம், அக்கல்வெட்டின் மற்றொரு பகுதியை மறைத்தல் கூடாது. வரலாறு கற்பிப்பவன் பாதியைச் சொல்லிப் பாதியை விடுதல் பிழை. குடவோலையில் பெயர் இடுவதற்குரிய தகுதிகள் யாவை? கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அதில் மிக்க புலமை உடையவர்க்கு மட்டும் அரைக்கால் வேலி நிலம் போதும். உத்தரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம். ஆதலின் அங்கே சபை என்பது அவ்வூர் நிலவுடைய அந்தணரின் சபையே. பிற ஊர்களில் நிலமுடைய வேளாண் குடிகள் ‘ஊர்’ என்னும் பெயரால் கூடினர். வணிகர் ‘நகரம்’ என்னும் பெயரால் கூடினர். எங்கும், நிலமற்றோருக்கு அதில் பங்கில்லை; பெண்டிர் பெயர் குடத்துள் இடப்படவில்லை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவன், ஏரி வாரியத்தில் அமர இயலவில்லை.

1948-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், பழைய சிற்றூர்க் குடியரசுகளைப் புகழ்ந்தோரை நோக்கி, அவை குறுகிய நோக்கிற்கும் வகுப்புவாதத்திற்கும் உறைவிடம் என்று கடிந்துரைத்தார். அக்கூற்று அன்று பலருக்குக் கசந்தது. ஆயினும் அது கேட்கத் தக்க சொல். ஊராட்சி மன்றங்களை அமைத்தல் அரசின் கடமை என்னும் நாற்பதாம் பிரிவும் அதே அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. ஊரை நம்பவும் வேண்டும், ஊரின் குறையை அறியவும் வேண்டும் என்பதே இவ்விரண்டாலும் நாம் பெறும் பாடம்.

இனி, அவ்வழக்கம் தளர்ந்த வரலாறு. அதற்கு நீங்கள் தொலைவில் தேட வேண்டுவதில்லை. எங்கள் பகுதியே அதற்குக் களமாயிற்று. 1792-ஆம் ஆண்டில், ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் சேலம், பாராமகால் நாடுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தார். அங்கே கலெக்டராக வந்தவர் அலெக்சாந்தர் ரீடு. அவருக்கு உதவியாளராக 1799 வரை பணியாற்றியவர், பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னராக விளங்கிய தாமசு மன்றோ. இவ்விருவரும் வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவனுக்கும் தனித்தனியே தீர்வை விதிக்கும் இரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வடிவம் தந்தனர்.

இடைத்தரகரின் கொடுமையினின்றும் உழவனை விடுவிப்பதே அவர்தம் நோக்கம். அதனால் நன்மையும் விளைந்தது. ஆயினும் அதன் பயனாக, அரசு ஒருபுறமும் தனிக் குடியானவன் மறுபுறமும் நிற்க, இடையிலே இருந்த ஊர் என்னும் கூட்டு மெல்ல வலுவிழந்தது. மன்றோவுக்கும் இது கவலை தந்திருக்க வேண்டும். 1816-ஆம் ஆண்டில், அவருடைய முயற்சியால், ஊர்ப் பஞ்சாயத்துக்கள் சிறு வழக்குகளை விசாரிக்க இடந்தரும் விதி ஒன்று செய்யப்பட்டது. ஆனால் ஆணையிட்டு அமைத்த பஞ்சாயத்தில் மக்கள் அவ்வளவாக நாட்டங் கொள்ளவில்லை.

ஏரிகளின் நிலையைப் பார்த்தால் இது மேலும் விளங்கும். மதகைச் செப்பனிடுதல், வரத்துக் கால்வாயைத் தூர் வாருதல், கரையைப் பலப்படுத்துதல் முதலிய பணிகளை ஊராரே செய்து வந்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, வழக்கமான குடிமராமத்து வேலையைச் செய்யாதாரைத் தண்டிக்க வழி செய்தது. சட்டம் வந்த காலத்தை நோக்குங்கள். ஊரார் தாமாக வந்தபோது சட்டம் தேவைப்படவில்லை. வாராதபோதுதான் சட்டம் வந்தது. அந்த வழக்கத்திலும், வேலையின் சுமை பெரும்பாலும் நிலமற்ற ஏழைகளின் தோள்மேலேயே விழுந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. நீரின் பயனைப் பெறாதவன் நீர்நிலைக்கு எத்தனை நாள் மண் சுமப்பான்?

ஊர்ப் பணி இந்த நூற்றாண்டுத் தளர்ச்சியிலிருந்து எழுந்த காட்சியை என் தலைமுறையினர் பள்ளிக்கூடத்திலே கண்டோம். 1954-ஆம் ஆண்டில் காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். அதே ஆண்டில் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரானார். ஊர்தோறும் பள்ளி திறக்க வேண்டும். திறந்தால் ஏழைப் பிள்ளை வர வேண்டும். வந்தால் பசியின்றி அமர வேண்டும். 1956-ஆம் ஆண்டளவில் மதிய உணவுத் திட்டம் உருப்பெற்றது. தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையைக் கொண்டே பல இடங்களில் உணவளிக்கப்பட்டது. பின்னர் அரசு தன் பங்கை அளித்தது. ஒரு பகுதி அரசினுடையதாகவும், ஒரு பகுதி ஊராருடையதாகவும் அத்திட்டம் நடந்தது. அறுவடைக் காலத்தில் தானியமும், தோட்டத்துக் காய்கறியும், அடுப்புக்கு விறகும் கொண்டுவந்து கொடுத்தவர் பலர். அவ்வுணவை உண்டு வளர்ந்தவன் நான்.

அதனை அடுத்து எழுந்தது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958-ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பின்னர் மாநிலமெங்கும் அத்தகைய மாநாடுகள் நடைபெற்றன. அதன் முறை எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று தலைமை ஆசிரியர் பட்டியல் எழுதுவார். கூரை வேய வேண்டுமா? கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், தண்ணீர்ப் பானை, பலகை, மணி இவற்றுள் எது இல்லை? பட்டியலை எடுத்துக்கொண்டு ஆசிரியர்கள் வீடு வீடாகச் செல்வர். பணமுள்ளவர் பணம் தருவார். மரமுள்ளவர் மரம் தருவார். நிலமுள்ளவர் விளையாட்டுத் திடலுக்கு நிலம் தருவார். ஒன்றும் இல்லாதவர் இரண்டு நாள் வேலை தருவார். முதலமைச்சரே அத்தகைய மாநாடுகளில் கலந்துகொண்டு ஊராரைப் பாராட்டினார். நான் அமர்ந்து படித்த மரப்பலகை அந்த அலையிலே வந்து ஒதுங்கிய ஒரு பொருளாகும்.

இவ்வியக்கத்தின் வெற்றிக்குக் காரணம் யாது? பொருள் தந்தவரின் வள்ளன்மை ஒன்று. ஆனால் அதனினும் முதன்மையானது, ‘இன்ன பொருள் தேவை, இன்னார் இதனைத் தந்தார், அது இங்கே இருக்கிறது’ என்று ஊரார் கண்முன் காட்டப்பட்ட தெளிவே என்பது என் கருத்து. கொடுத்த பலகையில் தன் பிள்ளை அமர்ந்திருப்பதைத் தாய் கண்டாள். வேறு கணக்கு அவளுக்கு வேண்டுவதாயில்லை.

இவ்வளவும் நூலறிவாலும் பிறர் வாய்மொழியாலும் நான் அறிந்தவை. இனி என் வாழ்வில் நேர்ந்ததைச் சொல்கின்றேன். ஆசிரியப் பயிற்சி பெற்று வேலைக்கு வந்த நான், தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியனாக இருந்தேன். தூய்மையில் எனக்குக் கண்டிப்பு மிகுதி. காலை வழிபாட்டின்போது பிள்ளைகளின் நகத்தையும் பல்லையும் பார்ப்பேன். குறிப்பிட்ட ஒரு தெருவிலிருந்து வரும் பிள்ளைகளின் பற்கள் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கும். ‘பல் துலக்காத சோம்பேறிகள்’ என்று அவர்களைக் கடிந்துகொள்வேன். சிலரை வரிசையினின்றும் விலக்கி வெளியே நிறுத்தியதும் உண்டு. பிற மாணவர் நகைப்பர். அதனை நான் தடுக்கவில்லை.

அக்காலத்தில் ஊராட்சிச் சட்டம் புதிதாகியிருந்தது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று அரசியல் சட்டத்தின் எழுபத்து மூன்றாம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று அச்சட்டம் கூறுகிறது. நிலம் வேண்டா, வீடு வேண்டா, வேதம் வேண்டா, ஆணாகப் பிறந்திருக்கவும் வேண்டா. உத்தரமேரூர்க் குடத்தில் இடம்பெறாத அத்தனை பேரும் இச்சபையில் இடம்பெற்றனர்.

1998-ஆம் ஆண்டு, காந்தியடிகள் பிறந்த நாளன்று, எங்கள் பள்ளி மரத்தடியில் கிராம சபை கூடியது. வந்தவர் சிலரே. தீர்மானங்கள் படிக்கப்பட்டன. கலையும் நேரத்தில், பின்னால் நின்றிருந்த ஒரு தாய் கையை உயர்த்தினாள். கூலி வேலை செய்பவள், எழுத்தறியாதவள். என்னை நோக்கியே பேசினாள்.

“வாத்தியாரய்யா, எம் பையன் பல்லு வெளக்கலைன்னு தினமும் திட்டுறீங்க. நான் பக்கத்துல நின்னு சாம்பல் வச்சு வெளக்கி விடுறேன், போகலை. எங்க தெருவுல போரு தண்ணி குடிக்கிற அத்தனை புள்ளைக்கும் இந்தக் கறை இருக்குது. மேலத் தெருவுல கெணத்துத் தண்ணி குடிக்கிற புள்ளைங்களுக்கு இல்லை. நாங்க வெளக்கத் தெரியாதவங்களா, இல்லை தண்ணியில ஏதாச்சும் இருக்குதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

நான் என்ன சொல்ல வல்லேன்? அறிவியல் பாடத்தில் ஒப்பிட்டு நோக்கலைப் பற்றிப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். இரு தெருக்களையும் ஒப்பிட்டு நோக்கியவள் அவள். நான் கண்டது கறையை. அவள் கண்டது காரணத்தை.

நீரை எடுத்துச் சென்று சோதனை செய்வித்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி இருந்தது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பாறையிலுள்ள கனிமங்களினின்றும் ஃபுளோரைடு நீரிற் கரைகின்றது. எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் அது மிகுதி. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரை நெடுநாள் அருந்தினால் பல்லின் மேற்பூச்சே கறைபடும். அக்கறை துலக்கிப் போவதன்று. அளவு மிகுந்து நெடுங்காலம் சென்றால் எலும்பும் மூட்டும் கெடும். மறுநாள் காலை வழிபாட்டில், நான் கடிந்துகொண்ட பிள்ளைகளிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். முப்பது ஆண்டுகளை நெருங்கியும் அந்தப் பிள்ளைகளின் முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

ஏரியை ஒட்டியிருந்த திறந்த கிணற்று நீர் நன்றாயிருந்தது. ஆனால் அது மேலத் தெருவார் கிணறு என்று வழக்கம். தீண்டாமை அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவால் ஒழிக்கப்பட்டது. அதனைக் குற்றமாக்கும் சட்டம் 1955-இல் வந்தது. இவற்றையெல்லாம் குடிமைப் பயிற்சி வகுப்பில் நான் கற்பித்திருக்கின்றேன். ஆயினும் என் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கிணற்றில் யார் நீர் எடுத்தனர், யார் எடுக்கவில்லை என்று ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. சபை மீண்டும் கூடியது. சூடான சொற்கள் பிறந்தன. இறுதியில் மேலத் தெருவின் முதியவர் ஒருவர், ‘பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், ஒரே குழாயில் குடிக்கட்டும்’ என்றார். கிணற்றைத் தூர் வாரி, குழாய் பதித்து, பள்ளி வாயிலில் நான்கு குழாய்கள் கொண்ட தொட்டி ஒன்றைக் கட்டுவதெனத் தீர்மானம் ஆயிற்று.

ஊர் கூடித் தேர் இழுத்தது. இரு தெருவாரும் கிணற்றில் இறங்கினர். நன்கொடையாக 8,000 ரூபாய்க்குச் சற்று மேல் திரண்டது. கணக்கெழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்தனர். மூன்று மாதம் ஒழுங்காக எழுதினேன். பின்னர்ப் பள்ளி வேலை மிகுந்தது. நாளை எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று ஒத்திப் போட்டேன். பணத்தில் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் எழுதாத கணக்கும் இல்லாத கணக்கும் ஊரார் கண்ணுக்கு ஒன்றே. ‘பணம் என்ன ஆயிற்று?’ என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் நால்வர் கேட்டனர். வேலைக்கு வருவோர் குறைந்தனர். தொட்டி அரைச்சுவரோடு நின்றது. பல மாதங்கள் அப்பிள்ளைகள் மீண்டும் அந்தப் போர்த் தண்ணீரையே குடித்தனர். அந்தத் தாழ்வுக்கு நானே காரணம்.

அப்போதுதான் உத்தரமேரூர் விதியின் உட்பொருள் எனக்கு விளங்கியது. கணக்குக் காட்டாதவனை ஏன் அவ்வளவு கடுமையாக விலக்கினர்? அவன் திருடன் என்பதனால் அன்று. அவனால் ஊரின் நம்பிக்கை குலைகின்றது. குலைந்த நம்பிக்கையால் அடுத்த பணி தொடங்காமலே போகின்றது. அடுத்த கிராம சபையில், பொருளைப் பெற்ற நாள், கொடுத்தவர், செலவு, இருப்பு என அனைத்தையும் எழுதிக் கொண்டுபோய் உரக்கப் படித்தேன். என் குறையையும் சொன்னேன். பொறுப்பு வேறு இருவருக்கு மாறியது. அவருள் ஒருவர் அந்தத் தெருவைச் சேர்ந்த இளைஞர். மாதந்தோறும் கணக்கைப் பள்ளிக் கரும்பலகையில் எழுதி வைத்தனர். அதன் பின் சில மாதங்களில் தொட்டி முடிந்தது. கறைபட்ட பற்கள் வெளுக்கவில்லை. அவர்களுக்குப் பின் பிறந்த தம்பி தங்கையரின் பற்கள் வெண்மையாக முளைத்தன.

பிற்காலத்தில் அரசே பெரிய அளவில் இக்குறையைத் தீர்க்க முன்வந்தது. ஜப்பானிய நிதியுதவியோடு, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் குறைப்புத் திட்டத்திற்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. இரு மாவட்டங்களுக்கும் காவிரியைக் கொணர்வது ஓர் ஊரால் ஆகும் காரியமன்று. ஆனால் வந்த நீர் எல்லாத் தெருவுக்கும் செல்கிறதா, தொட்டி கழுவப்படுகிறதா, குழாய் உடைந்தால் யாருக்குத் தெரிவிப்பது என்பனவற்றைத் தலைநகரில் இருப்போர் பார்க்க இயலாது. அது ஊரின் வேலை.

மாணவர்களே, வரலாற்றைக் கேட்டு முடிந்தபின் நீங்கள் செய்யத் தக்கது யாது? தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். 2022-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-உம், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1-உம் அவற்றோடு சேர்ந்தன. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் ஐம்பதின்மர், மூவாயிரம் வரை நூற்றுவர், பத்தாயிரம் வரை இருநூற்றுவர், அதற்கு மேல் முந்நூற்றுவர் வந்தாலன்றிச் சபை நிறைவுறாது. பதினெட்டு வயது நிரம்பியோர் நேரில் செல்லுங்கள். நிரம்பாதோர் உங்கள் தாயாரையும் பாட்டியாரையும் அழைத்து அனுப்புங்கள். வரவு செலவு படிக்கப்படும்போது காது கொடுத்துக் கேளுங்கள். விளங்காததை விளக்கச் சொல்லுங்கள். அது பகைமை அன்று. சபை உறுப்பினரின் கடமை.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எரியாத விளக்கு எது, ஒழுகும் குழாய் எது, அடைத்த வாய்க்கால் எது என்று ஒரு மாதம் நாளும் குறித்து வாருங்கள். பள்ளிச் சீரமைப்பு இயக்கம் அத்தகைய பட்டியலிலிருந்தே தொடங்கிற்று. பட்டியல் எழுதும்போது உங்கள் தெருவோடு நில்லாமல், அடுத்த தெருவுக்கும் செல்லுங்கள்; நீங்கள் வழக்கமாகச் செல்லாத தெருவுக்குக் கட்டாயம் செல்லுங்கள். பொறுப்பு ஒன்றை ஏற்றால் கணக்கை அன்றன்றே எழுதுங்கள். நாளைக்கு என்று ஒத்திப் போட்டு நான் பட்ட அவமானம் உங்களுக்கு வேண்டா.

‘பொதுமக்கள் என்பவர் யார்?’ என்று சிறுவயதில் நான் கேட்ட கேள்விக்கு என் தந்தையார் சொன்ன விடை சரியானதே. அதன் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியவள், கையை உயர்த்தி எழுந்து கேட்ட அந்தத் தாய். அவள் இன்றும் எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறாள். திருவிழாவிற்கு மலைக்கு வரும்போது, ‘வாத்தியாரய்யா, கணக்கு எழுதுறீங்களா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். எழுதுகிறேன் என்று விடை சொல்வேன்.